இடப்பக்கம் இழுக்கும் வண்டி

பெருசுக்கு ஒரு கோளாறும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டு மாதமாகப் பழியெல்லாம் அதன் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. வாயில்லாத ஜீவன், என்ன செய்யும்? பெருசு என்பது வண்டியின் பெயர். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய எஸ்யூவி, வயது இருபத்தாறு. கல்லையும் பள்ளத்தையும் பார்த்தால்தான் அதற்கு உற்சாகமே வரும். அதை வைத்திருந்தவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். தெருவிலும் டெப்போவிலும் சொந்தக்காரர் நடுவிலும் அவனுக்கு டிரைவர் என்றுதான் பெயர். கோளாறு டிரைவரின் இடது கண்ணில் இருந்தது. அது அவனைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

அவனுக்கே அது தெரிந்தது பெருசின் அடியில்தான். ஒரு நாள் மல்லாந்து படுத்து ஏதோ போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். வலது கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. அந்தக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துணியைத் தேடினான். கைக்குப் பக்கத்தில் வைத்த துணியைக் காணோம். ஸ்பேனரையும் காணோம். இடப்பக்கம் முழுக்கப் புகை படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. கண்ணைக் கசக்கினான், தண்ணீர் விட்டுக் கழுவினான், வெளியே வந்து வெளிச்சத்தில் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தான். வலது கண்ணுக்கு உலகம் முழுசாக இருந்தது. இடது கண்ணுக்கு எதிரில் இருப்பது மட்டும் தெரிந்தது, ஓரம் இல்லை.

அன்றைக்கே ஒரு டாக்டரிடம் போயிருந்தால் கதை முடிந்தது. போகவில்லை. கண் போனால் ஸ்டீயரிங் போகும். பஸ் போகும், பெருசு போகும். இருபத்திரண்டு வருஷமாக அவன் உட்கார்ந்த இடமெல்லாம் ஓட்டுகிற இடம்தான். வேறு நாற்காலியில் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னால் கால் தானாகத் தரையில் கிளட்ச் தேடும். ஸ்டீயரிங் இல்லாமல் தன்னை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டான். நடுவில் டெப்போவில் வருஷாந்திரக் கண் பரிசோதனை வந்தது. நேரே மாட்டியிருந்த அட்டையில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். நேரே பார்ப்பதில் அவனுக்கு என்ன குறை? கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தான். டாக்டரே பாஸ் போட்டுவிட்டார், அப்புறம் என்ன என்று ஒரு வாரம் நிம்மதியாகக்கூட இருந்தான். தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்கிறவனுக்குச் சாட்சி கிடைப்பது பெரிய காரியமா?

ஆனால் பெருசு காட்டிக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனும் வீட்டாரும் ஊருக்கு வெளியே காட்டுப் பாதையில் ஓட்டப் போவார்கள். அங்கே இடப்பக்கக் கண்ணாடி ஒரு மரத்தில் இடித்து உடைந்தது. புதுசு மாட்டினான், அதுவும் உடைந்தது. இடப்பக்கக் கால்படி கல்லில் மோதி நசுங்கியது. கதவில் கோடு கோடாகக் கீறல். மனைவி கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னான்.

"வண்டி இடப்பக்கம் இழுக்குது."

அவ்வளவுதான், அந்த ஒரு பொய்க்கு வீடே வேலைக்கு இறங்கியது. மனைவி சாதாரண ஆள் இல்லை; தண்ணீர் வாரியத்தில் பம்ப் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவள். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவாள். அவளுடைய தம்பி, டிரைவரின் மச்சினன், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். அக்காவும் தம்பியும் சேர்ந்து பெருசின் முன்பக்கத்தைக் கழற்றிப் பரப்பினார்கள். ஸ்டீயரிங் கம்பிகளின் முனையை மாற்றினார்கள். ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். மச்சினன் நாலு சக்கரத்துக்கும் நூல் கட்டி, அளவுகோலை வைத்து, குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"மயிரிழை பிசகல மாமா. எங்கதான் இழுக்குது?"

"ஓட்டுறவனுக்குத்தான்டா தெரியும்."

மனைவி விடவில்லை. ஆளில்லாத நேரான சாலைக்கு வண்டியை எடுத்துப் போய், வேகம் பிடித்து, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். பெருசு கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"எனக்கு இழுக்கலையே."

"நீ வெயிட்டு கம்மி."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் ஒன்றும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். பேச்சை மாற்ற அன்றைக்கே கடைக்குப் போய், தட்டு அகலத்தில் ஒரு வளைந்த கண்ணாடி வாங்கி வந்து இடப்பக்கம் மாட்டினான். அடுத்த வாரம் அதற்குக் கீழே ஒரு குட்டிக் கண்ணாடி. அப்புறம் பம்பரின் இடது மூலையில் ஒரு கம்பி, நுனியில் சிவப்பு டேப். அப்புறம் தரையைப் பார்த்தபடி ஒரு விளக்கு. நசுங்கிய கால்படிக்குப் பதில் தடித்த இரும்புக் குழாயை மச்சினனே வெல்டு வைத்துக் கொடுத்தான். வலப்பக்கம் வாங்கின நாளில் இருந்தபடியே மொட்டையாக இருந்தது.

"என்ன மாமா, ஒரு பக்கத்துக்கு மட்டும் மேக்கப்பு?" என்று மச்சினன் சிரித்தான். டிரைவரும் சேர்ந்து சிரித்தான்.

மூன்று பேரும் வேலை தெரிந்தவர்கள், அதுதான் வினை. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் அந்த வீட்டில் இருந்திருந்தால் முதல் நாளே, கண்ணை டெஸ்ட் பண்ணுங்க என்று சொல்லியிருப்பார். இவர்களுக்கு எதிலும் போல்ட்டும் நட்டும்தான் முதலில் தெரியும்.

பஸ்ஸில் சமாளிப்பதற்கு அவன் கழுத்தை நம்பினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பான், மறுபடி பார்ப்பான், அப்புறம்தான் எடுப்பான். யாரையாச்சும் தேடுறியா என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். சாயங்காலம் கழுத்து கல்லாக இறுகிவிடும். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வளைவில் பஸ்ஸை இடப்பக்கம் ஒடித்தபோது தகரத்தில் யாரோ படபடவென்று அறைகிற சத்தம் கேட்டது. சடாரென்று பிரேக் போட்டான். ஒரு சைக்கிள்காரர், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு காலை ஊன்றி நின்றபடி அவனைப் பார்த்தார். திட்டவில்லை. வெறுமனே பார்த்தார். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து டிரைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டியூட்டி முடிந்து வந்தால் நேரே பெருசிடம் போவான். முடுக்கின நட்டையே மறுபடி முடுக்குவான். துடைத்த கண்ணாடியையே துடைப்பான். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான், ஐந்து நிமிஷத்தில் மறுபடி திறப்பான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். இந்த ஞாயிறு குவாரிப் பாதையில் ஏறிக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கடினமான பாதையை ஒரு கீறல் விழாமல் ஏறிவிட்டால் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தமாம். மனுஷன் தனக்கே பரீட்சை வைத்து, தனக்கே மார்க்கும் போட்டுக்கொள்ளப் பார்த்தான்.

"பிரேக் ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு. அத முடிச்சிட்டுப் போலாம்," என்றாள் மனைவி. வியாழக்கிழமை மச்சினன் வந்து பிரேக் வேலையைச் செய்து கொடுத்தான்.

ஞாயிறு காலை இரண்டு வண்டியாகக் கிளம்பினார்கள். காட்டுப் பாதைக்குத் தனி வண்டியாகப் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். முன்னால் மச்சினன் தன் குட்டை ஜீப்பில், பின்னால் பெருசில் டிரைவரும் மனைவியும். குவாரியை மூடி வருஷக்கணக்காகிறது. லாரி போன பாதையை மழை அரித்துத் தின்றிருந்தது. அடிவாரத்தில், கல்லில் பிடிமானம் கிடைக்க, டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி முன் சக்கரங்களின் பூட்டை மனைவி திருகிப் போட்டாள். டிரைவர் சின்ன கியரில் போட்டான். பெருசு முனகிக்கொண்டே ஏறியது.

பாதி மலையில் அந்த இடம் வந்தது. வலப்பக்கம் செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர். பாதையின் நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு அரிப்புப் பள்ளம். அதன் இரண்டு விளிம்பிலும் சக்கரத்தை வைத்து நூல் பிடித்த மாதிரி போக வேண்டும். இடது விளிம்பை ஒட்டி, ஒரு ஆள் உயரப் பாறாங்கல். மச்சினன் தன் ஜீப்பை ஏற்றிக்கொண்டு போய் மேலே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

இந்த மாதிரி இடத்தில் அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் இறங்கி முன்னால் நின்று கை காட்ட வேண்டும். ஓட்டுகிறவர் அந்தக் கையைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது. விரல் அசைந்தால் வா. முஷ்டி மூடினால் நில். இவர்கள் வண்டிக்குக் கை காட்டுவது எப்போதும் மனைவிதான். முன்பெல்லாம் இடது மூலையில் நிற்பாள், அதுதான் ஓட்டுகிறவனுக்குத் தெரியாத மூலை. எட்டு மாதமாக அவன்தான், நடுவுல நில்லு, நடுவுல நில்லு என்று அவளை நேர் எதிரில் நிற்க வைத்திருந்தான்.

"இன்னிக்கு நடுவுல நிக்க முடியாதுங்க, பள்ளம். இந்தப் பக்கம் சுவரு. நான் அந்தக் கல்லு ஓரமா நின்னுக்கறேன். தெரியும்ல?"

தெரியாது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியும்," என்றான்.

அவள் பாறாங்கல்லில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவன் தலையை முழுசாகத் திருப்பினான், தெரிந்தாள். விரல்கள் வா வா என்றன. மெல்ல விட்டான். வலது டயர் விளிம்பில் ஏறியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவர் உரசப் போகிறதா என்று வலப்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது, பள்ளத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தான். அந்த இரண்டு மூச்சு நேரத்தில் அவள் இல்லாமல் போனாள். கடைசியாகப் பார்த்தபோது கை வா என்றுதானே சொன்னது? அந்த நினைப்பை நம்பி ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான்.

இடது டயர் விளிம்பை விட்டு நழுவி, மண்ணைப் பெயர்த்துக்கொண்டு பாறாங்கல் பக்கமாகச் சறுக்கியது. அவள் முஷ்டியை மூடி நெற்றிக்கு மேலே தூக்கியிருந்தாள். இன்னொரு கையையும் தூக்கினாள். மேலேயிருந்து மச்சினன் அலறினான்.

"மாமா, பிரேக்கு, பிரேக்கு!"

மிதித்தான். பெருசு குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. அப்புறம்தான் தலையைத் திருப்பினான். பம்பருக்கும் பாறாங்கல்லுக்கும் நடுவில் மனைவி நின்றாள். அவள் வயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ளங்கை அகலம் இருந்தது. பக்கவாட்டில் நழுவி வெளியே வரவும் வழியில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பின்னால எடுங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை. "மெதுவா. முன்னால ஒரு இஞ்ச்கூட வரக் கூடாது."

இன்ஜினைப் போட்டான், ரிவர்ஸ் போட்டான், அது ரிவர்ஸ்தானா என்று கையால் மூன்று தடவை தடவிப் பார்த்தான். கிளட்சை விட்டபோது மூச்சே விடவில்லை. பெருசு, அந்த நல்ல ஜீவன், ஒரு அங்குலம்கூட முன்னே சரியாமல் பின்னால் வந்தது. மனைவி வெளியே நடந்து வந்து பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மச்சினன் மேலிருந்து சறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது, அதை அவன் கவனிக்கவில்லை.

"என்ன மாமா ஆச்சு? பிரேக் பிடிக்கலையா?"

டிரைவரின் தலை தானாக ஆடியது, ஆமாம் என்று.

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. மறு வார்த்தை பேசாமல் டூல் பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். மனைவி எழுந்து வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி கெட்டியா நல்லாத்தான இருக்குடா."

"இப்ப அப்படித்தான் காட்டும்க்கா. பிரேக் ஆயிலுக்குள்ள எங்கயோ காத்து நின்னிருக்கு. நான்தான் சரியா எடுக்கல. மிதி."

மிதித்தாள். அவன் சக்கரத்தின் திருகைத் தளர்த்தினான். சின்னக் குழாயில் எண்ணெய் வந்தது. காற்று இருந்தால் குமிழ் வர வேண்டும், ஒரு குமிழ் இல்லை. "பிடி. விடு. மறுபடி மிதி." அடுத்த சக்கரம். அங்கேயும் குமிழ் இல்லை. மூன்றாவது சக்கரம். நாலாவது. மறுபடி முதல் சக்கரத்துக்கு வந்தான். டிரைவர் பாறைச் சுவரில் கையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், இல்லாத கோளாறை அவர்கள் தேடுவதை. இதுவரைக்கும் அது தப்பித்தோம் என்று மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வண்டிக்கு அடியிலிருந்து வந்த சத்தம் நின்றுபோனது. மச்சினன் பேசினான், யாரிடமும் இல்லாத மாதிரி.

"நாளைக்குக் காலைல ரெண்டு ஆம்புலன்ஸ் வருது, பிரேக்கு வேலைக்கு. வேணாம்னு சொல்லிடறேன். இனிமே நான் யாரு வண்டிலயும் பிரேக்குல கை வைக்க மாட்டேன். அக்காவையே கொன்னுருப்பேன்." அப்புறம் அவன் அழுகிற சத்தம் கேட்டது.

முப்பத்தெட்டு வயது ஆள், பட்டறையில் நாலு பேரை வேலை வாங்குகிறவன், வண்டிக்கு அடியில் கிடந்து தேம்பினான். டிரைவருக்கு அதுவரை பயம்தான் இருந்தது. பயம் போய் வெட்கம் வந்தது. குனிந்து மச்சினனின் காலைத் தொட்டான்.

"மாப்ள, வெளிய வா. பிரேக்கு நல்லா இருக்கு."

"நீங்கதான ஆமான்னு தலையாட்டுனீங்க…"

"பொய் சொன்னேன். நான் உங்க அக்காவப் பாக்கல."

"பாக்கலன்னா? அவ்வளவு பக்கத்துல நின்னா."

"தெரியலடா. இடது கண்ணுல ஓரம் தெரியாது. எட்டு மாசமா."

மச்சினன் வெளியே வந்து எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தான். டிரைவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி பூட்டு விழுந்துவிடும் என்று தெரியும். எண்ணெய் சொட்டியதைச் சொன்னான், அட்டையில் எழுத்துப் படித்ததைச் சொன்னான், கேட்காமலே சைக்கிள்காரரையும் சொன்னான். மனைவி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபடி கேட்டாள். கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பஸ்ஸுக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அவன் மச்சினனின் டூல் பெட்டியை எடுத்து மூடினான்.

"கேக்கறேன்ல."

"இடப்பக்கம்."

"அந்தக் கல்லுக்கும் பம்பருக்கும் நடுவுல நின்னப்பகூட நான் இவ்வளவு பயப்படல," என்றாள். "என்கிட்ட சொல்லிருக்கலாம்ல. மூணு தடவை முன்பக்கத்தக் கழட்டுனேன். ராத்திரி பகலா யோசிச்சேன், எத விட்டுட்டோம்னு. உங்களத்தான் விட்டுட்டேன்."

"ஸ்டீயரிங்கப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்தேன்."

"பிடுங்கத்தான் வேணும்," என்றாள். சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். "ஏறுங்க. அந்தப் பக்கம்."

அவன் சுற்றிப் போய் இடப்பக்க ஸீட்டில் ஏறினான். மச்சினன் முன்னால் நின்று கை காட்ட, அவள் பெருசை அந்தக் குறுகிய இடத்தில் ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினாள். அடிவாரத்தில் டயர்களுக்கு மறுபடி காற்று அடித்தார்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் அவன் பாக்கெட்டில் போன் இரண்டு தடவை கிணுங்கியது. சிக்னல் வந்துவிட்டது.

போனைக் கையில் எடுத்தான், மடியில் வைத்தான், மறுபடி எடுத்தான். அவள் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். இரண்டு மைல் போன பிறகு, டெப்போவில் டியூட்டி போடுகிற கன்ட்ரோலரைக் கூப்பிட்டான். எதிர்ப்பக்கம் பேசுவது வண்டிக்குள் நன்றாகக் கேட்டது.

"சார், நாளைக்கு என் பஸ்ஸுக்கு வேற ஆள் போட்டுடுங்க."

"என்னப்பா அதிசயமா இருக்கு, நீ லீவே எடுக்க மாட்டியே. பஸ்ஸு ஏதாச்சும் மக்கர் பண்ணுதா? சொல்லு, வொர்க்ஷாப்ல எழுதி வைக்கறேன்."

ஆமாம் என்றால் போதும். இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். மனைவி இப்போதும் திரும்பவில்லை. ஆனால் வண்டியின் வேகம் குறைந்தது.

"பஸ்ஸு நல்லா இருக்கு சார். எனக்குத்தான் இடது கண்ணு தெரியல."

"என்னது? எப்பலருந்து?"

"எட்டு மாசமா."

திட்டப் போகிறார், வேலை போயிற்று என்று சொல்லப் போகிறார் என்று அவன் போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"என் பொண்ணு உன் பஸ்லதானப்பா தினம் காலேஜுக்குப் போறா," என்றார் அவர். "நீ ஓட்டுறேன்னுதான் தைரியமா அனுப்பிட்டிருக்கேன்."